விளக்கு மறைத்து ஓடிய வண்டிகள்

ஊவா மாகாணத்தின் தென்மேற்கு விளிம்பிலே, ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், ஒடுங்கிய மலைமுதுகு ஒன்றின்மீது அமைந்திருப்பது அப்புத்தளை. அவ்வூர்க் கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் நோக்கினால் தியத்தலாவைப் பள்ளத்தாக்கும் பண்டாரவளைக் குன்றுகளும் தோன்றும். சில அடி நடந்து தெற்கு முகமாக நோக்கினாலோ, மலை சட்டென்று சரிந்து மறைய, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். மேகமில்லாத காலையில் அம்பாந்தோட்டை உப்பளங்கள் மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரியும். தெளிந்த இரவில் அக்கரையோரத்து வெளிச்சவீடு கண்சிமிட்டுவதையும் காணலாம் என்று அவ்வூரார் சொல்வர்.

காண்பது கண்ணுக்கு இன்பந்தான். ஆயின் இதில் ஒரு கணக்கும் அடங்கியுள்ளது. மலைமேல் நிற்பவனுக்குக் கடற்கரை விளக்குத் தெரியுமெனின், கடற்கரைக்கு அப்பால் நிற்பவனுக்கு மலைமேல் எரியும் விளக்கும் தெரியும். பூமியின் வளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால், அப்புத்தளையின் உயரத்திலிருந்து தொடுவானம் 80 மைலுக்கும் அப்பால் விழுகிறது. இடைப்பட்ட நிலத்தைக் கழித்தாலும், தென்கடலில் கப்பல்கள் செல்லும் நீர்ப்பரப்பு அதற்குள் அடங்கும். அமைதிக் காலத்தில் எவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. போர்க்காலத்திலோ உலகெங்கும் அரசாங்கங்கள் இக்கணக்கைப் போட்டன. போட்ட கையோடு, தெருவிளக்கு முதல் மோட்டார் வண்டியின் உள்விளக்கு ஈறாக, ஒவ்வொன்றையும் மறைக்கவும் அணைக்கவும் ஆணையிட்டன. ஓடும் வண்டியின் விளக்கை அணைத்த அந்த வரலாறு இந்நாட்டு மலைப்பாதைகளையும் தொட்டுச் செல்கிறது.

விளக்கு ஒளி பகைவனுக்கு வழிகாட்டும் என்ற பாடத்தைத் தமிழ்மக்கள் முதன்முதற் கற்றது இரண்டாம் உலகப் போரில் அன்று. 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் இரவு, ஜேர்மன் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியபோது நகரத்து விளக்குகள் யாவும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. கப்பலின் தலைவன் முல்லர் என்பவனுக்கு வேறு வழிகாட்டி தேவைப்படவில்லை. அரைமணி நேரத்திற்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. எம்டன் வந்த வழியே இருளில் மறைந்து, பின்னர் இலங்கையைச் சுற்றியுள்ள கடலிலும் வணிகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே அது அழிந்தது. ஆனால் அதன் பெயர் அழியவில்லை. தந்திரமும் துணிச்சலும் மிக்கவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் நிலைத்துவிட்டது. பகைவனின் கப்பற்பெயர் ஒரு மொழிக்குள் பாதி ஏச்சாகவும் பாதி பாராட்டாகவும் குடிபுகுவது அரிதான நிகழ்ச்சி.

1914இல் வீதியில் ஓடிய மோட்டார் வண்டிகள் மிகச் சில. 1939இல் நிலைமை வேறு. அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாம் நாள், போர்ப் பிரகடனத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே, பிரித்தானியா முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, வீட்டு யன்னல்கள் கறுப்புத் துணியால் மூடப்பட்டன, கைவிளக்கின் கண்ணாடிமேல் மெல்லிய தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகளுக்கு முகமூடி மாட்டப்பட்டது. தகட்டாலான அம்முகமூடியில் ஒளி வெளிவருவதற்குச் சில கிடைக்கீறல்கள் மாத்திரமே இருந்தன. ஒவ்வொரு கீறலுக்கும் மேலே, மழைக்கு வீட்டு வாசலில் இறக்கிய தாழ்வாரம்போல், ஒரு சிறு தகடு நீண்டிருந்தது. ஒளி வீதியிலே சிறிது விழும். வானை நோக்கி எழாது. வண்டியின் முன்தாங்கியிலும் பக்கப் பலகைகளிலும் வெள்ளை நிறம் பூசப்பட்டது. புகையிரதப் பெட்டிகளின் மின்குமிழ்களுக்கு நீலம் தீட்டினார்கள். இயந்திரத்தின் அடுப்பு வாயிலிருந்து எழும் செவ்வொளி மேலே தெரியாதபடி தார்ப்பாய் கட்டினார்கள்.

நீலம் தீட்டியதில் ஒரு வேடிக்கை உண்டு. இருளுக்குப் பழகிய மனிதக் கண் செந்நிறத்தைக் காட்டிலும் நீலப்பச்சை ஒளியையே மிக எளிதில் உணரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புர்க்கின்யே என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்து எழுதியிருந்தார். ஆகவே, மறைப்பதற்கென்று தேர்ந்த நிறம் மறையாத நிறமாக அமைந்தது. விமானிகளும் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளும் பிற்பாடு சிவப்பு ஒளியைக் கைக்கொண்டமைக்கு இதுவே காரணம். பார்வைக்கு மங்கலாகத் தோன்றுவது ஒன்று, தொலைவிலிருந்து தெரியாதிருப்பது வேறொன்று என்பதைப் பலர் மறந்தனர் போலும்.

இந்த இருட்டுக்குக் கொடுத்த விலை பெரிது. பகைவனின் விமானம் ஒன்றேனும் இலண்டனில் பெருங்குண்டு வீசுமுன்னரே, வீதி விபத்தில் மாண்டவர் தொகை ஏறத் தொடங்கிற்று. வில்பிரட் ட்ரொட்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கண்டித்து எழுதினார்: ஜேர்மன் விமானப்படை வானில் ஏறாமலே, இருட்டடிப்பு விதிகளைக் கொண்டே மாதம் 600 பேரைக் கொல்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். 1940ஆம் ஆண்டு தொடக்கத்தில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு வேகம் மணிக்கு 20 மைல் என்று வரம்பு கட்டினர். அப்படியிருந்தும் 1941ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் மாண்டனர். பெற்றோல் பங்கீட்டால் வண்டிகள் குறைந்திருந்த காலத்தில் நேர்ந்த சாவு இது. அந்நாட்டு வீதிகளில் அதற்கு முன்போ பின்போ எவ்வாண்டிலும் இத்துணைபேர் இறந்ததில்லை.

விளக்கை அணைக்க மறுத்தோர் கொடுத்த விலையும் உண்டு; அதையும் சொல்லாவிடின் கணக்கு ஒருபக்கமாகும். 1942ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்கள் விளக்கேற்றியபடியே இருந்தன. உல்லாசப் பயணிகளை நம்பிப் பிழைத்த கடற்கரை வணிகர்கள் விளக்கணைக்க இசையவில்லை. ஜேர்மன் நீர்மூழ்கிகள் கடலில் காத்திருந்து, நகர ஒளியின் பின்னணியில் கரிய நிழலாகத் தெரிந்த கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கி மூழ்கடித்தன.

இனி இலங்கை. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் போயிற்று. இலங்கைக்கு அரிசி வந்த வழி அடைபட்டது. மலாயாவின் இறப்பர் யப்பானியர் கைக்கு மாறவே, நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரும் இறப்பர் நிலமும் இந்து சமுத்திரக் கடற்பாதையின் காவற்கோபுரமும் இத்தீவே என்றாயிற்று. கடற்படைத் தளபதி சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக மார்ச் மாதம் பொறுப்பேற்றார். குடிமக்கள் பாதுகாப்புப் பணியைச் சேர் ஒலிவர் குணத்திலக்க நடத்தினார். கொழும்பிலும் திருக்கோணமலையிலும் இரவுகள் இருண்டன. வண்டி விளக்குகளுக்கு மறைப்பு வந்தது. பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அக்கரையில், தமிழ்நாட்டிலே, பெற்றோல் கிடையாத பஸ் வண்டிகள் பின்புறத்தில் கரியடுப்பைச் சுமந்து, கரிவாயுவால் மூச்சிரைத்து ஓடின.

ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, காலிக்கு அருகிலுள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானத்தில், கனடா நாட்டு விமானி லெனர்ட் பேர்ச்சல் தென்கிழக்குக் கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை வழிபாட்டுக்கு மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளை, ஏழரை மணியளவில், நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பு வானில் தோன்றின. துறைமுகமும் இரத்மலானையும் தாக்குண்டன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9ஆம் நாள் காலை, திருக்கோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொழும்பைத் தாக்கியதும் காலையில். திருக்கோணமலையைத் தாக்கியதும் காலையில். மாதக்கணக்காக இரவெல்லாம் விளக்கணைத்துக் காத்திருந்த ஊர்கள்மீது குண்டுகள் பட்டப்பகலில் வீழ்ந்தன. விமானந்தாங்கிக் கப்பலில் இரவில் ஏறுவதும் இறங்குவதும் அக்காலத்தில் மிகக் கடினம். ஆதலின் யப்பானியர் விடியலைத் தேர்ந்தனர். அப்படியெனில் இருட்டடிப்பு வீணா? வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. இரவில் தெரியக்கூடிய இலக்கு இல்லாதபடியால் பகலில் வரவேண்டியதாயிற்று என்று வாதிப்பாரும் உளர். எனினும் கப்பல்களின் இயல்பே அவர்களைப் பகலுக்குத் தள்ளிற்று என்று கொள்ளுதலே பொருந்தும். விளக்கு மறைப்பு காத்தது துறைமுகத்தை என்பதைவிட, மக்களின் மன உறுதியை என்பதே உண்மைக்கு அண்மையானது. ஏதோ செய்கிறோம் என்ற நினைவும் போர்க்காலத்தில் ஒரு படைக்கலமே.

வானொலி கேட்போருக்கு உவப்பான ஒரு செய்தியை இவ்விடத்தில் இடையிட்டுச் சொல்லலாம். கொழும்புத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய விமானி மித்சுவோ புச்சிடா. பேர்ள் துறைமுகத்தை 1941 டிசெம்பரில் தாக்கியவனும் அவனே. அன்று ஹொனலூலு வானொலி நிலையம் இரவு முழுவதும் இசையை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது; அமெரிக்கக் கண்டத்திலிருந்து வரவிருந்த தங்கள் விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காகவே அவ்வாறு செய்தார்கள். புச்சிடாவும் அதே இசையைக் கேட்டு, அவ்வலை வந்த திசையைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஊர் முழுவதும் விளக்கணைத்திருந்தாலும், பாட்டு ஒன்று பகைவனுக்கு வெளிச்சவீடாக அமையக்கூடும்.

கொழும்பு தாக்குண்டதும் மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். இந்தியாவுக்குச் சென்றவர் பலர். மலைநாட்டுக்கு ஏறியவரும் பலர். ஊவாவுக்குப் போர் புதிதன்று. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டளவிலேயே தென்னாபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தனர். 1939இல் ஜேர்மானியர் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். புகழ்பெற்ற பௌத்த துறவியாகிய ஞானதிலோக தேரரும் அவர்களுள் ஒருவர். பின்னர் அவர்களை இந்தியாவில் தேராதூனுக்குக் கொண்டு சென்றார்கள். கடற்படையினர் இளைப்பாறும் முகாமும் போர்க்காலத்தில் தியத்தலாவையில் இருந்தது. எனவே அப்புத்தளை வழியே படைவண்டிகள் ஏறி இறங்கின.

அக்காலத்து மலைநாட்டு இரவை இன்றைய நேயர்கள் மனத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கிற்று. தோட்டத்து லயங்களில் மின்விளக்கு இல்லை. குப்பி விளக்கின் சுடர், அதைவிட்டால் அரிக்கன் லாம்பு, அதையும் விட்டால் அடுப்பு நெருப்பு. லயத்துக்கு லயம் போகிறவர் தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு போவார். மலைச்சாரலில் பேரொளி என்று சொல்லத்தக்கவை இரண்டே: ஒன்று, இரவிலும் கொழுந்து அரைக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் மாடி யன்னல் வரிசை, மற்றொன்று, வளைந்து வளைந்து வரும் மோட்டார் வண்டியின் முன்விளக்கு. வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது அதன் ஒளி பள்ளத்தாக்கின் மறுபக்க மலையைத் தடவிச் செல்லும். அரைமணி நேரத்துக்கு முன்னரே, துரையின் கார் வருகிறது, லொறி வருகிறது என்று லயத்தில் உள்ளவர் அறிவர். நகரத்தில் வண்டி விளக்கு நூற்றில் ஒன்று. மலையில் அதுவே ஒற்றைப் பெருஞ்சுடர்.

அத்தகைய பாதையில் விளக்கை மறைத்து ஓட்டுவது எத்துணை இடர் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே மூடுபனி. படையினர் இதற்கெனச் சில உபாயங்களைக் கண்டுபிடித்தனர். அவற்றின் நுட்பம் இன்றும் வியப்பளிப்பது. பிரித்தானியப் படை லொறிகளில் பின்விளக்கு இல்லாமலே அணிவகுத்துச் செல்லும் முறை ஒன்று இருந்தது. பின்சில்லுகளை இணைக்கும் அச்சின் நடுவே உள்ள உருண்டையான பல்சக்கரக் கூட்டுக்கு வெள்ளை பூசுவார்கள். அதற்குமேல், வண்டியின் அடியிலே, ஒரு சிறு மின்குமிழ் அதனை நோக்கி ஒளி வீசும். பின்னால் வரும் சாரதிக்கு அந்த வெள்ளை உருண்டை மட்டும் தெரியும். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அமெரிக்கர் செய்த ஏற்பாடு கண்ணின் இயல்பையே அளவுகோலாக்கிற்று. வண்டியின் பின்புறம் சிறு ஒளிக்கீறல்கள் இரண்டிரண்டாக இரு தொகுதியாய் அமைந்தன. 180 அடிக்கு அப்பால் அவை யாவும் ஒரே புள்ளியாகத் தெரியும். நெருங்கினால் இரண்டாகப் பிரியும். 60 அடிக்குள் வந்துவிட்டால் நான்காகத் தோன்றும். பின்னால் வருபவன் இரண்டு புள்ளிகளைக் கண்டால் சரியான தூரத்தில் வருகிறான், ஒன்றானால் பிந்திவிட்டான், நான்கானால் வேகத்தைத் தணிக்க வேண்டும். எண்ணத் தெரிந்தால் போதும். ஜீப் வண்டியின் விளக்குச் சாவியிலும் ஒரு பூட்டு வைத்தார்கள். சாவியை இழுத்தால் முதலிற் கிடைப்பது மறைப்பு விளக்கே; முழு விளக்கு வேண்டுமானால் பக்கத்திலுள்ள குமிழை அழுத்தி, பின்னரே மேலும் இழுக்க வேண்டும். களைத்த சாரதி கைதவறி ஒளியைப் பாய்ச்சிவிடக் கூடாதென்ற எச்சரிக்கை அது.

வெளிவிளக்கைப் பற்றியே இதுகாறும் சொல்லப்பட்டது. வண்டியின் உள்விளக்கோ சிறியது. ஆயினும் அதன் கதை கூர்மையானது. நன்றாக இருண்ட இரவில், இருளுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு மெழுகுவர்த்திச் சுடர் ஒன்றரை மைல் தொலைவிலும் தெரியும். கண் அவ்விருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். அப்பழக்கம் கெட ஒரு நொடி போதும். வண்டிக்குள் விளக்கெரிந்தால் முன்கண்ணாடியில் உள்ளிருப்போர் முகமே தெரியும், வெளியுள்ள வீதி தெரியாது. வெளியில் நிற்பவனுக்கோ உள்ளிருப்போர் மேடைக் கூத்தர்போல் ஒளியில் அமர்ந்திருப்பர். சுருங்கச் சொன்னால், உள்விளக்கு எரியும் வண்டியிலுள்ளவன் காணப்படுகிறான்; காண்பதில்லை.

இந்த எளிய உண்மையை இலங்கை மக்கள் நூலில் படித்து அறிந்தார்களல்லர். 1980களிலிருந்து உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில், இரவில் படைமுகாமையோ சோதனைச் சாவடியையோ அணுகும் வண்டி முன்விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கை ஏற்ற வேண்டும் என்பது நாடெங்கும் வழக்கமாயிற்று. 1942இன் விதியைத் தலைகீழாக்கியதுபோன்ற விதி இது. அன்று வானத்துப் பகைவன் காணாதிருக்க வண்டி முழுவதும் இருண்டது. இன்று வீதியில் நிற்கும் காவலன் காணும்பொருட்டு வண்டியின் உட்புறம் மட்டும் ஒளிர்ந்தது. காவலன் இருளில் நின்றான். பயணி வெளிச்சத்தில் அமர்ந்தான். துப்பாக்கி ஏந்தியவனின் அச்சத்துக்கும் அதில் நியாயம் உண்டு. இருண்ட வண்டிக்குள் யார் இருக்கிறார் என்று அறியாமல் அவன் நிற்க முடியாது.

ஆயின் அந்தச் சிறுவிளக்கு எல்லார் முகத்திலும் ஒரே விதமாக விழவில்லை. ஊவாத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற இளைஞர்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களின் முன்னோர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிப் பங்கிட்டது. தேசிய அடையாள அட்டை 1970களில் வழங்கப்பட்டபோது, குடியுரிமைப் பத்திரமோ பிறப்புச் சான்றிதழோ இல்லாத தோட்டத் தொழிலாளர் பலருக்கு அது எட்டாக் கனியாயிற்று. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில், பின்னிரவில் பஸ் வண்டி சாவடியருகே நின்று உள்விளக்கு எரிந்ததும், கையில் காட்ட அட்டையில்லாத இளைஞன் முகத்தில் என்ன நிறைந்திருக்கும் என்பதை அப்பக்கத்துத் தாய்மார் அறிவர். இருளில் அவன் பயணி. விளக்கெரிந்ததும் அவன் சந்தேகத்துக்குரியவன்.

அப்போரிலேயே வானத்து அச்சமும் ஒருமுறை மீண்டது. 2007 மார்ச் 26ஆம் நாள் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அவ்வாண்டு ஏப்ரலில், உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை நாடே பார்த்துக்கொண்டிருந்த இரவில், கொழும்பின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2009 பெப்ருவரி 20ஆம் நாள் இரவு கடைசித் தாக்குதல் நடந்தது. அன்றும் நகரம் இருண்டது. 1942இல் முதியோர் கண்ட இருட்டை 65 ஆண்டுகளின் பின் பேரப்பிள்ளைகள் கண்டார்கள். இம்முறை வந்தவை இரவில் வந்தன. ஆதலின் விளக்கணைப்புக்குப் பொருள் இருந்தது.

‘இருட்டடிப்பு’ என்னும் சொல்லின் போக்கும் கவனிக்கத் தக்கது. போர்க்காலத்தில் விளக்கு மறைத்தலைக் குறித்த அச்சொல், இன்று பெரும்பாலும் செய்தியை மறைத்தலைக் குறிக்கவே வழங்குகிறது. விளக்கு மறந்துபோய், மறைப்பு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

இனி, பழைய உபாயங்கள் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்துமா என்ற வினா எழுகிறது. 1942இன் கார் சாரதி சொன்னபடி கேட்கும். மின்கலத்திலிருந்து ஒரு கம்பி, நடுவே ஒரு சாவி, முடிவில் ஒரு குமிழ். சாவியைத் தள்ளினால் இருள். பிற்காலத்திலே கதவின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் வந்தது. கதவு திறந்தால் அது வெளியே நீளும், உள்விளக்குத் தானே எரியும். 1952இல் அமெரிக்காவில், எதிர்வண்டியின் ஒளியை உணர்ந்து தானே முன்விளக்கைத் தாழ்த்தும் மின்கண் சில கார்களில் பொருத்தப்பட்டது. 1960களில் அந்தி சாய்ந்ததும் விளக்கைத் தானே ஏற்றும் கருவி வந்தது. கனடா 1989 முடிவிலிருந்து புதிய கார்களில் பகலிலும் எரியும் விளக்கைக் கட்டாயமாக்கிற்று. ஐரோப்பாவில் 2011இல் அவ்வாறாயிற்று. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்குக்கு அணைக்கும் சாவியே கிடையாது. இயந்திரம் ஓடினால் விளக்கு எரியும். இவை யாவும் உயிர்காக்கும் நோக்கில் வந்தவை. பனிமூட்டத்தில் எதிர்வரும் வண்டியைக் கண்டு ஒதுங்கிய எவரும் இதைக் குறைகூறார்.

எனினும் 2025 மே 7ஆம் நாள் இந்தியா முழுவதும் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, பல ஊர்களில் இருட்டடிப்பையும் பழகிப் பார்த்தார்கள். வீட்டு விளக்கை அணைப்பது எளிது. சாவியில்லாத வண்டியின் விளக்கை அணைப்பது எங்ஙனம்? நிறுத்தினால் அணையும், ஓட வேண்டுமெனின் எரியும். சில கார்களில் கைத்தடுப்பை ஒரு பல் இழுத்தால் பகல்விளக்கு அணையும். சிலவற்றில் உள்விளக்கின் அருகே மூன்று நிலைச் சாவி ஒன்று இருக்கும், அதை முற்றாக அணைந்த நிலைக்குத் தள்ளினால் கதவு திறந்தாலும் இருள் கலையாது. சிலவற்றில் சிறு திரையொன்றில் தேடித்தேடித்தான் அக்கட்டளையைக் காணவேண்டும். படைவண்டிகளில் மட்டும், ஜீப்பின் காலத்திலிருந்து இன்றுவரை, யாவற்றையும் ஒரே அசைவில் அணைக்கும் மறைப்புச் சாவி விடாமல் இருந்து வருகிறது. அதைத் திருப்பினால் தடுப்பு விளக்குக்கூட எரியாது. குடிமக்களின் வண்டிக்கு அது தேவையென்று எவரும் எண்ணவில்லை. ஒளியுணரும் மின்கண்ணுக்குப் போர் என்றும் அமைதி என்றும் வேறுபாடு தெரியாது, இருட்டினால் ஏற்றும். ஆகவே அவசரம் வந்தால் கைக்கு எட்டுவது 1939இன் பொருள்களே: கறுப்புத் துணி, தடித்த அட்டை, ஒட்டும் நாடா.

அப்புத்தளைப் பாதையில் ஓடும் சாரதிகளுக்கு இவற்றுள் ஒரு பாதியேனும் போர் இல்லாமலே தெரியும். பெரகலையிலிருந்து மலையேறும் வளைவுகளில் மூடுபனி இறங்கினால், முழு விளக்கைப் போட்டவன் எதிரே வெள்ளைச் சுவரைத்தான் காண்பான். பனித்துளிகள் ஒளியை அவன் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். பழகிய சாரதி விளக்கைத் தாழ்த்துவான். இரவு பஸ் வண்டியில் அவன் தலைக்கு மேலுள்ள குமிழ் எரியாது. பின்னாலுள்ள விளக்குகள் எரியும். வெளிச்சத்திலிருக்கும் பயணிகள் தம் முகத்தை யன்னற் கண்ணாடியில் பார்த்தபடி தூங்குவர். அவன் ஒருவன் மட்டும் இருளில் அமர்ந்து, வீதியோரத்து வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாய் எண்ணுபவன்போல் நோக்கி ஓட்டுவான்.